அசிசியில் அப்பாவின் பணம்

புனித பிரான்சிஸ் பிறந்த இத்தாலிய ஊரான அசிசிக்கு வரும் சுற்றுலா பஸ்கள் ஊருக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஏறி, அவர் பெயரிலுள்ள பெருங்கோயிலான பசிலிக்காவை அடைவதற்குள் மரச்சிலுவைக் கடைகளாகவே தாண்ட வேண்டியிருக்கிறது. எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ள மறுத்தவரின் ஊரில் விற்பனை இவ்வளவா என்று எங்கள் குழுவில் பாதிப்பேர் முணுமுணுத்தார்கள். மீதிப்பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த முரண்பாடு கடைக்காரர்கள் தொடங்கியதல்ல. பிரான்சிஸ் 1226 அக்டோபர் 3-ஆம் நாள் இறந்தார். 1228 ஜூலை 16-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்த திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, மறுநாளே இந்தப் பெரிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். கட்டட வேலைக்கு நிதி சேர்க்க, அதற்குப் பொறுப்பாயிருந்த சகோதரர் எலியாஸ் ஒரு பளிங்குப் பாத்திரத்தை உண்டியலாக வைத்தாராம். பிரான்சிஸின் உற்ற தோழரான லியோ அதைப் போட்டு உடைத்துவிட்டு, அதற்காக அடியும் வாங்கினார் என்று பிரான்சிஸ் தொடங்கிய துறவுச் சபைக்குள்ளேயே ஒரு கதை வழங்கி வருகிறது. என் மனம் லியோ பக்கம்தான். ஆனாலும் கோயிலுக்குள் போய் அண்ணாந்து பார்த்தபோது, எலியாஸையும் முழுக்கக் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

மேல் கோயிலின் சுவரில் பிரான்சிஸின் வாழ்க்கையை 28 ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். ஜொத்தோ வரைந்தவை என்று சொல்வது மரபு; அறிஞர்களிடையே அதில் வழக்கு உண்டு. ஐந்தாவது ஓவியத்தின் முன்னால்தான் கூட்டம் தேங்கி நிற்கிறது. இளைஞர் பிரான்சிஸ் உடைகளைக் களைந்துவிட்டு வானத்தை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார். ஊரின் ஆயர் (பிஷப்) தம் மேலாடையால் அவரை மறைக்கிறார். எதிர்ப்பக்கம் தந்தை பியெத்ரோ பெர்னார்தோனே, மகன் கழற்றிப் போட்ட துணிகளைக் கையில் சுமந்துகொண்டு, முகம் சிவக்க முன்னால் பாய்கிறார். ஒருவர் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் ஜவுளிக்கடை நடத்தி ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எல்லோரும் மகனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெர்னார்தோனே துணி வியாபாரி என்று நான் சொன்னதும், "பையன் கடையில் என்ன செய்தான்?" என்றார்.

செய்தது இதுதான். புனித தமியானு ஆலயத்தின் சிலுவையிலிருந்து, இடிந்துகிடக்கும் என் வீட்டைச் செப்பனிடு என்ற குரல் கேட்டது. உடனே பிரான்சிஸ் கடையிலிருந்த துணியைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு ஃபொலிஞோ சந்தைக்குப் போனார். துணியை விற்றார், குதிரையையும் விற்றார். பணத்தை ஆலயத்தின் ஏழைக் குருவிடம் நீட்டினார். பெர்னார்தோனே குடும்பத்துக்கு அஞ்சிய குரு வாங்க மறுக்கவே, பிரான்சிஸ் அதைச் சன்னல் ஓரத்தில் வீசிவிட்டார்.

"குதிரையையுமா?" என்றார் அண்ணாச்சி.

மகன்மேல் தந்தை தொடுத்த வழக்கு ஆயர் குயிதோவிடம் போனது. அது ஏறக்குறைய 1206-ஆம் ஆண்டு. நம் மறையுரைகளில் உடையைக் களைந்த காட்சி தவறாமல் வரும். அதற்கு முந்தைய வரி வருவதில்லை. ஆயர் சொன்னது, பணத்தை உன் தந்தையிடம் திருப்பிக் கொடு என்பதுதான். அது நேர்மையற்ற வழியில் வந்ததாகவும் இருக்கலாம், அப்படிப்பட்ட பணம் தம் கோயிலுக்குச் செலவாவதைக் கடவுள் விரும்பமாட்டார் என்றாராம். பிரான்சிஸ் பணத்தோடு, உடுத்தியிருந்த துணியையும் தந்தையினுடையது என்று கழற்றிவைத்தார். இனி விண்ணகத்திலுள்ளவரே என் தந்தை என்று அறிவித்தார். கடைசியில் அவர் உடுத்திக்கொண்டது, ஆயரின் பண்ணையாள் ஒருவருடைய பழைய மேலாடை.

புனிதர் முதலில் செய்தது துறவு என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்தவர் பணத்தில் செய்த காணிக்கை அது. துறவு தொடங்கியது ஆயர் வீட்டு முற்றத்தில், உரியவரிடம் உரியதை ஒப்படைத்தபோதுதான். விசுவாசத்துக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சாட்சி சொல்லும் சிலரைக் கேட்கும்போது, வீட்டில் யாருடைய பங்கு அதில் போயிற்று என்று கேட்கத் தோன்றும் எனக்கு. அசிசி ஆயரும் அதையே கேட்டிருக்கிறார் என்பதில் ஓர் ஆறுதல்.

அந்த ஆயர் வீட்டை ஒட்டியே புனித மரியன்னை பெரிய ஆலயம் இருக்கிறது. காற்சட்டையும் விளையாட்டுக் காலணியுமாக நம் காலத்து இளம் புனிதர் கார்லோ அகுதிஸ் துயில்வதும் அங்கேதான் என்பதால் வரிசை நகரவே இல்லை. கும்பிட்டுவிட்டு ஒலிவ மரங்களுக்கிடையே இறங்கிப் புனித தமியானுக்குப் போனோம்.

பணம் வீசிய சன்னல் என்று அங்கே ஒன்றைக் காட்டுகிறார்கள். சிறியது. அண்ணாச்சி அதன்முன் நெடுநேரம் நின்றார். இந்த மடத்தில்தான், பிரான்சிஸைப் பின்பற்றித் துறவு பூண்ட புனித கிளாரா வாழ்ந்து மறைந்தார். சொத்து வைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் உங்கள் வாக்குறுதியிலிருந்து விடுவிக்கிறேன் என்றார் திருத்தந்தை கிரகோரி. என் பாவங்களிலிருந்து விடுவியுங்கள், கிறிஸ்துவைப் பின்பற்றுவதிலிருந்து வேண்டாம் என்று கிளாரா மறுத்துவிட்டார். அவருடைய ஒழுங்குவிதிக்கு ஒப்புதல் வந்தது 1253 ஆகஸ்ட் 9-இல். 11-ஆம் நாள் இறந்தார். ஒன்றுமில்லாமல் வாழ அனுமதி வாங்கவே ஒரு பெண்ணுக்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டிருக்கிறது! திருச்சபைக்கு இந்த விஷயத்தில் எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. கிறிஸ்துவும் திருத்தூதர்களும் எதையும் உடைமையாக வைத்திருக்கவில்லை என்று சாதிப்பது தப்பறை, அதாவது திருச்சபைப் போதனைக்கு எதிரான கொள்கை என்று 1323-இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

சமவெளிக்கு இறங்கினால் சம்மனசுகளின் அன்னை பசிலிக்கா. 1569-இல் தொடங்கிய அந்த மாபெரும் கட்டடத்தின் வயிற்றுக்குள் போர்சியுங்குலா என்ற சிற்றாலயம் முழுதாக நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் முழந்தாளிட்டால் இடம் நெருக்கடியாகிவிடுகிறது. கிட்டத்தட்ட 1208-இல், பொன்னும் வெள்ளியும் பையும் எடுத்துப் போகாதீர்கள் என்ற நற்செய்தியை இங்கே கேட்டுத்தான் பிரான்சிஸ் செருப்பையும் விட்டார்.

சகோதரர்கள் கூடுவதற்காக ஊர்மக்கள் இதன் அருகே ஒரு வீடு கட்டிவிட்டார்கள். வெளியூரிலிருந்து திரும்பிய பிரான்சிஸ் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கி எறியத் தொடங்கினார். கீழே நின்ற ஊர் வீரர்கள், இது ஊருக்குச் சொந்தமான வீடு என்றார்கள். உங்களுடையது என்றால் நான் தொடவில்லை என்று இறங்கிவிட்டார். போர்சியுங்குலாவும் அவருக்குச் சொந்தமில்லை. சுபாசியோ மலையின் பெனெதிக்து துறவிகளுடையது. அதற்காக ஆண்டுதோறும் ஒரு கூடை மீன் அவர்களுக்குப் போயிற்று. பதிலுக்கு அவர்கள் ஒரு சாடி எண்ணெய் அனுப்பினார்கள்.

"ஆண்டு தவறாமலா?" என்று அண்ணாச்சி கேட்டார். ஆமாம் என்றேன். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மறுபடியும் சிற்றாலயத்துக்குள் போனார்.