மாதக் கடைசி லோடும் ஒரு சுற்றுச்சூழல் திட்டமும்

திண்டுக்கல்லில் பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, மசாலாப் பொடி போன்றவற்றுக்கு விநியோகஸ்தராக இருக்கிறோம். எங்களுக்குச் சரக்கு தரும் கம்பெனிகளில் ஒன்று ஒரு படிவம் அனுப்பியது. ஆண்டுக்கு எத்தனை லிட்டர் டீசல், எத்தனை யூனிட் மின்சாரம், எவ்வளவு கழிவு, இவற்றைக் குறைக்க என்ன திட்டம் என்று அதில் கேட்டிருந்தார்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி விதித்திருக்கிறது. அவர்களுடைய சரக்கைச் சுமக்கிற நம்மிடமும் அந்தக் கேள்வி ஒருநாள் வந்துதானே ஆக வேண்டும். எங்களைப் போன்ற சிறு விநியோகஸ்தருக்கு அந்த அறிக்கை கட்டாயம் இல்லை. படிவத்தை ஒப்புக்கு நிரப்பி அனுப்பியிருக்கலாம். எனக்கு அதை ஒழுங்காகச் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கேட்ட இடமெல்லாம் இரண்டே யோசனைதான் கிடைத்தது: குடோன் கூரையில் சோலார் போடுங்கள், மரக்கன்று நடுங்கள். இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் நம் தொழிலில் எது எங்கே வீணாகிறது என்று தெரியாமல் எதில் பணம் போடுவது? முதலில் கணக்கு எடுத்தோம். பங்க் பில்களைத் தேடி எடுத்து வண்டிவாரியாக டீசலைக் கூட்டினோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை அடுக்கினோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ. இந்த இரண்டு எண்களை வைத்துப் பெருக்கினாலே பாதி படம் தெரிந்துவிடும். எங்கள் குடோனில் விளக்கு, மின்விசிறி, இரண்டு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். டீசலுக்கு முன்னால் மின்சாரம் மிகச் சிறியதாக நின்றது. சோலார் பட்டியலின் கடைசிக்குப் போனது. ஐஸ்கிரீம், பால் பொருட்கள் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

கழிவைப் பற்றி எந்தப் பில்லும் கிடையாது. எனவே வாசலில் இருந்த எடை மேடையிலேயே ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்து நோட்டில் எழுதினோம். அட்டைப்பெட்டியை ஏற்கெனவே பழைய பேப்பர்காரர் எடுத்துப் போகிறார். பண்டல் சுற்றி வரும் பிளாஸ்டிக் தாளையும் அழுக்குப்படாமல் தனியாக வைத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார். மூன்றாவது, கடைகளிலிருந்து திரும்பி வந்த காலாவதிச் சரக்கு.

அந்தக் காலாவதிச் சரக்கைப் போட்டு வைத்திருந்த அறையைத் திறந்து ஒவ்வொரு பாக்கெட்டாகப் பார்த்தோம். மூலை நசுங்கிய பிஸ்கட் பாக்கெட்டுகள், அவற்றின் மேல் கடை அலமாரியின் தூசி, பிரித்தால் காறல் எண்ணெய் வாடை. சிலவற்றில் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியைக் கடைக்காரரே பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வட்டமிட்டிருந்தார். பேட்ச் எண்ணைப் படித்து, கொள்முதல் பில்லோடு ஒப்பிட்டு, எந்த வாரம் வந்த சரக்கு என்று எழுதச் சொன்னேன். வேலை முடிந்தபோது பெரும்பகுதி ஒரே இடத்தில் போய் விழுந்தது. மாதத்தின் கடைசி நாட்களில் இறங்கிய லோடு.

இத்தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்பெனி நமக்கு விற்பது பிரைமரி, நாம் கடைக்கு விற்பது செகண்டரி. மாதம் முடியும்போது விற்பனை அதிகாரிக்குப் பிரைமரி இலக்கு எட்ட வேண்டும். இன்னும் இத்தனை பெட்டி எடுத்தால் கூடுதல் தள்ளுபடி என்பார். எடுப்போம். அதைத் தள்ள சேல்ஸ்மேன் கடைக்காரரிடம் கடனுக்கு இறக்குவார். இருபத்தைந்து பாக்கெட் போகிற கடையில் ஐம்பது உட்காரும். மிச்சம் மாதங்கள் கழித்து நம் வண்டியிலேயே திரும்பி வரும். கோதுமை, சர்க்கரை, பாமாயில், உறை, ஆலையிலிருந்து டிப்போ, டிப்போவிலிருந்து குடோன், குடோனிலிருந்து கடை, மறுபடி குடோன் என்று எரித்த டீசல், ஏற்றி இறக்கியவர்களின் உழைப்பு எல்லாம் சேர்ந்து குழிக்குப் போகிறது. இதை அப்படியே விட்டுவிட்டுக் கூரையில் தகடு பதிப்பதை என்னால் திட்டம் என்று சொல்ல முடியாது.

எனவே எங்கள் திட்டத்தின் முதல் வரி ஆர்டரைப் பற்றியது: கடந்த வாரங்களின் செகண்டரி விற்பனையைப் பார்த்து, வாரம்தோறும், தேவைக்கு மட்டும். சொல்வது எளிது, விற்பனை அதிகாரி முகம் சுளித்தார். அவர்மேல் குறையில்லை, அவருக்கும் மேலிருந்து அழுத்தம். பேட்ச் வாரியான பட்டியலை அவருடைய மேலாளரிடம் காட்டினேன். தள்ளுபடியில் வந்த லாபம் ஒரு பக்கம். திரும்பி வந்த சரக்குக்காகக் கம்பெனியிடம் நாம் கேட்கும் ஈட்டுத்தொகையில் (கிளெய்ம்) ஏற்காமல் விட்ட தொகை, முடங்கிய கடன், அதற்கான வட்டி மறுபக்கம். நீண்ட பேச்சுக்குப் பிறகு வார ஆர்டருக்கு ஒப்புக்கொண்டார்கள். சுற்றுச்சூழல் என்று மட்டும் பேசியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

குடோனுக்குள் முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும் என்பதை நடைமுறையாக்கினோம். ஒவ்வொரு அடுக்கின் முன்னும் தேதியைச் சாக்பீஸால் பெரிதாக எழுதுகிறோம். கடைக்குப் போகும் சேல்ஸ்மேன் ஆர்டர் கேட்பதற்கு முன் அலமாரியின் பின்வரிசையைப் பார்க்க வேண்டும். மூன்று மாத ஆயுள் மிச்சமிருந்தால், ஓடாத கடையிலிருந்து எடுத்துப் பேருந்து நிலையப் பக்கக் கடைக்கு மாற்றிக் கொடுக்கிறோம். கடைக்கார அண்ணாச்சிகளுக்கு இதில் மிகுந்த சந்தோஷம்.

டீசலுக்கு வருகிறேன். நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு லைன்களில் குட்டி யானை வண்டிகள் பல நாள் பாதிச் சுமையோடு ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு லைனுக்கும் நிலையான கிழமை வைத்து, சிறு ஆர்டர்களை அந்தக் கிழமைக்குச் சேர்த்தோம். ஊருக்குள் சந்துகளுக்கு மின்சார மூன்று சக்கர வண்டி எடுத்தோம். இரவில் குடோனிலேயே சார்ஜ் ஏறுகிறது. கொடைக்கானல் மலைப்பாதைக்கு இன்னும் டீசல் வண்டிதான். அங்கே நீதிமன்ற உத்தரவால் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அந்தச் சரக்கு மலைக்குப் போவதில்லை. வெறுமனே இறங்கி வந்த வண்டி இப்போது மேலே உள்ள கடைகளின் அட்டையையும் பிளாஸ்டிக் தாளையும் ஏற்றி வருகிறது.

ஷாம்பு சாஷே, மசாலா உறை போன்ற பல அடுக்கு பிளாஸ்டிக்கை எந்தப் பழைய பொருள் வியாபாரியும் தொடுவதில்லை. இது நம்மால் தீர்கிற பிரச்சினை இல்லை, நாம் தீர்க்க வேண்டியதும் இல்லை. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 இந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதும் பிராண்ட் உரிமையாளர் மீதும் வைத்திருக்கின்றன. 2022 வழிகாட்டுதல்கள் அதற்கு ஆண்டு இலக்குகளும் விதித்தன. அதனால் எல்லாக் கம்பெனிகளுக்கும் கடிதம் எழுதினோம்: உங்கள் கழிவு சேகரிப்பு ஒப்பந்ததாரரை எங்கள் குடோனுக்கும் அனுப்புங்கள், காலாவதிச் சரக்கின் உறைகளைப் பிரித்துக் கட்டி வைக்கிறோம் என்று. ஒரு கம்பெனியின் ஆள் வந்து எடுத்துப் போகிறார். மற்றவர்களிடம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் நாங்கள் அனுப்பிய திட்டம் இரண்டே பக்கம். வார ஆர்டர், தேதி சோதனை, நிலையான கிழமை, உறைகளைத் திருப்பி ஒப்படைத்தல். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயர், மாதாமாதம் பார்க்கும் ஓர் எண். கார்பன் நடுநிலை, அதாவது வெளியிடும் கரியமில வாயு முழுவதையும் ஈடுகட்டிவிடுவோம் என்ற வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். அதற்கான கணக்கு எங்களிடம் இல்லாததால் சேர்க்கவில்லை. படிவத்தில் காலாவதிச் சரக்குக்குத் தனிக் கட்டம் இல்லை. அடுத்த முறை அதைச் சேர்க்க வேண்டும், அந்த அளவை விற்பனை அதிகாரியின் இலக்கோடும் இணைக்க வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். வத்தலக்குண்டு லைனில் மற்ற விநியோகஸ்தர்களோடு சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கு அனுப்புவது பற்றிய பேச்சும் தொடங்கியிருக்கிறது.