பூனைவணங்கியோடு பதினான்கு மாதங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் குப்பைமேனியிடமிருந்து தப்பியிருக்காது. முழங்காலைச் சொறிந்துகொண்டு நின்றால் போதும், பாட்டி ஒரு கைப்பிடி இலையைப் பறித்து வந்துவிடுவார். மஞ்சளும் கல்லுப்பும் சேர்த்து அம்மியில் அரைத்து, எரிய எரியப் பூசி, காய்ந்த பிறகு குளிப்பாட்டுவார். முதுகலை ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது அந்த இலை கிருமியைக் கொல்லுமா என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

முதல் இரண்டு மாத உழைப்பு முழுவதும் குப்பைக்குப் போனது. செம்பனை வரிசைகளுக்கு இடையே செடி செழித்துக் கிடப்பதைப் பார்த்து, இரண்டு கிலோ பறித்து, கழுவி, 40 பாகை அடுப்பில் உலர்த்தி, அரைத்துச் சலித்து வைத்திருந்தேன். வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது, மருந்தடிப்பு வேலையில் இருக்கும் அத்தை எந்த வரிசையில் பறித்தாய் என்று கேட்டார். சொன்னேன். “நீ பறிப்பதற்கு முந்தின நாள்தான் அங்கே மருந்து அடித்தோம்” என்றார். சில களைக்கொல்லிகள் அடித்த செடி உடனே வாடுவதில்லை. பல நாட்கள் பச்சையாகவே நிற்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 முதல் தடை இருக்கிறது. ஆனால் மற்ற களைக்கொல்லிகள் புழக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தத் தூளில் கிருமி செத்தால், கொன்றது இலையா களைக்கொல்லியா என்று யார் சொல்வது?

பாட்டி ஒருநாளும் மரத்தடியில் பறித்ததில்லை. வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கு அருகே மட்டும்தான் பறிப்பார். அதற்குக் காரணம் இருக்கும் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது முறை அங்கேயே பறித்தேன். செடியை அடையாளம் காண்பதற்குத் தாவரவியலாளரிடம் போனபோது, வெறும் இலையைப் பார்த்துப் பெயர் சொல்ல அவர் மறுத்துவிட்டார். பூவோடும் வேரோடும் வேண்டும் என்றார். இளம் குப்பைமேனி, பூக்காத நிலையில் குப்பைக்கீரையைப் போலவே இருக்கும். பூத்த பிறகு, கதிரில் பெண்பூக்களைக் கிண்ணம்போல் தாங்கி நிற்கும் பச்சைச் செதில்களைப் பார்த்தால் சந்தேகமே வராது. வேரின் மணத்துக்குப் பூனைகள் மயங்கி உருளும். அதனால் தமிழில் இதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர். மலாயிலும் கூச்சிங் காலாக் என்று பூனையை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே காட்சியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

இன்ன செடிதான் என்பதற்குச் சான்றாக ஒரு செடியை அழுத்தி உலர்த்திப் பதிந்து வைப்பதை ஒரு சடங்கு என்றுதான் முதலில் நினைத்தேன். சரவாக்கில் நடந்ததைப் படித்த பிறகு எண்ணம் மாறியது. 1987இல் அங்கே ஒரு பிந்தாங்கோர் மரத்திலிருந்து எடுத்த சாறு, ஆய்வகத்தில் எச்.ஐ.வி. கிருமியைத் தடுத்தது. மேலும் இலை எடுக்கத் திரும்பிப் போனபோது மரம் வெட்டப்பட்டிருந்தது. கிருமியைத் தடுத்த கலனோலைடு ஏ என்ற வேதிப்பொருள் அருகிலிருந்த மரங்களில் போதுமான அளவு கிடைக்கவில்லை. கடைசியில் அதே வகை மரத்தைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில்தான் கண்டுபிடித்தார்கள். எது எந்த மரம் என்ற பதிவு இல்லாமல் போயிருந்தால் எதைத் தேடுவது?

சாறு எடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. தூளை மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்துச் சுழலும் குடுவையில் ஆவியாக்கினால், கரும்பச்சைப் பிசின் அடியில் தங்கும். தண்ணீரில் ஒன்று, பச்சை இலையைப் பிழிந்து ஒன்று என்று இன்னும் இரண்டு சாறுகள் எடுத்தேன். தோல் புண்களில் சீழ்பிடிக்க வைக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைப் பரப்பிய அகர் கூழ்த் தட்டில், 6 மில்லிமீட்டர் காகித வட்டுகளைச் சாற்றில் நனைத்து வைத்து, 37 பாகையில் ஓர் இரவு விட்டேன். மறுநாள் காலை மெத்தனால் சாற்று வட்டைச் சுற்றி, கிருமி வளராத தெளிவான வளையம். கரைப்பானை மட்டும் நனைத்த வட்டைச் சுற்றி எதுவும் இல்லை. அன்று நான் ஆய்வகத்தில் அழுதுவிட்டேன்.

ஆனால் பாட்டியின் முறைக்கு மிக நெருங்கிய சாறுகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. அது என்னை வாரக்கணக்கில் வாட்டியது. உப்பைத் தனியாகச் சோதித்தேன். அந்தக் கிருமி 7.5 விழுக்காடு உப்பிலேயே வளரக்கூடியது. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, அதனால் அகருக்குள் பரவாது. வளையம் வரவில்லை என்பதால் அதற்குச் சக்தி இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிறகு, கிருமி வளராமல் தடுக்கக் குறைந்தது எவ்வளவு சாறு வேண்டும் என்று 96 குழித் தட்டில் அளந்தேன். ஜென்டமைசின் என்ற பாக்டீரியா மருந்தை மைக்ரோகிராமில் அளந்த இடத்தில் என் சாற்றை மில்லிகிராமில் அளக்க வேண்டியிருந்தது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். என் வளையத்தின் உண்மையான மதிப்பு அதுதான்.

என் மேற்பார்வையாளர் கேட்ட ஒரு கேள்வி அதைவிட ஆழமாகத் தைத்தது: சொறி எதனால் வருகிறது? தோலுக்குள் குடைந்து முட்டையிடும் நுண்ணிய உண்ணியால். நான் சோதித்ததோ பாக்டீரியாவை. சொறிந்து புண்ணான இடத்தில் பின்னால் வந்து சேரும் கிருமி அது. ஆக, பாட்டியின் பூச்சு உண்ணியை என்ன செய்கிறது என்பதைப் பற்றி என் தட்டுகள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆய்வேட்டில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறேன். ‘குப்பைமேனி சொறியைக் குணப்படுத்தும் என நிரூபணம்’ என்று யாரும் என் பெயரில் பரப்பிவிடக் கூடாது.

படிக்கும்போது கண்ட இன்னொன்றை வீட்டில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. சளிக்கு இந்த இலைச்சாற்றைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுப்பதும் எங்கள் பழக்கம். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்கள் இதை உட்கொண்டபோது இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். என் அண்ணன் மகனுக்கு அந்தக் குறைபாடு உண்டு. அந்தக் குறைபாட்டுக்கு ஆகாத பாச்சை உருண்டையை வீட்டில் வைக்கக் கூடாது என்று அண்ணிக்குத் தெரியும். வேலியோரச் செடியைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

பாட்டியிடம் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் போனேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. “அந்தக் காலத்தில் சில பிள்ளைகளுக்குச் சாறு கொடுத்த பிறகு உடம்பு மஞ்சளாகும். காமாலை என்று நினைத்து கீழாநெல்லி கொடுத்தோம்” என்றார். எந்தப் பிள்ளைகள் என்று ஒவ்வொரு வீடாக எண்ணத் தொடங்கினார். எதனால் மஞ்சளானது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. நான் குறிப்பேட்டை எடுத்துவர எழுந்தேன். “உட்கார், பாப்பா. முதலில் உன் அண்ணிக்கு போன் போடு” என்றார்.

துவைக்கிற கல்லுக்கு அருகே இப்போது பன்னிரண்டு தொட்டிகளில் குப்பைமேனி வளர்கிறது. மருந்தடிப்பு எட்டாத இடம். அடுத்த கட்டமாக, பச்சை இலையை மஞ்சளோடும் உப்போடும் சேர்த்து, பாட்டி அரைக்கும் அதே அளவில் சோதிக்கப் போகிறேன். அளவைக் கேட்டால் “ஒரு கைப்பிடி” என்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை தராசைக் கொண்டுபோய், அவர் பறிக்கப் பறிக்க ஏழு முறை நிறுத்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.