நிறம் மாறிய பிறகு நடப்பது

ஒருவன் காலையில் எழுந்து பார்க்கிறான், உடம்பின் நிறமே மாறிப்போயிருக்கிறது. ஏன், எப்படி என்று கதை முழுக்க ஒரு வரி விளக்கம் கிடையாது. இனத்தையும் அடையாளத்தையும் பேசும் இந்த மாதிரி மீயதார்த்தக் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அந்த விளக்கம் சொல்லாத துணிச்சல்தான். பிறக்கும்போது வாய்த்த நிறத்துக்கு மட்டும் நம்மிடம் யாராவது காரணம் சொன்னார்களா என்ன?

1915இல் ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா 'உருமாற்றம்' கதையில் நாயகன் கிரிகோர் சாம்சாவை ஒரே இரவில் பூச்சியாக்கியபோது, ரயிலைத் தவறவிட்டுவிட்டோமே என்றுதான் அவன் கவலைப்பட்டான். அந்த வழியில் வந்த நாவல், நைஜீரிய எழுத்தாளர் இகோனி பாரெட்டின் 'பிளாக்ஆஸ்' (2015). லாகோஸில் வேலை தேடும் ஃபூரோ வாரிபோகோ, நேர்முகத் தேர்வு அன்று காலை வெள்ளைக்காரனாகக் கண்விழித்து, பெற்ற தாய்க்குக்கூட முகம் காட்டாமல் வீட்டைவிட்டு நழுவுகிறான். அப்புறம் ஊர் அவனைப் பார்க்கிற பார்வையே வேறு, கேட்டதைவிடப் பெரிய வேலை கிடைக்கிறது. பின்பக்கம் மட்டும் கறுப்பாகவே நின்றுவிடுகிறது என்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னை உலுக்கியது அவன் தன் பெயரை ஃபிராங்க் வைட் என்று மாற்றிக்கொள்ளும் இடம். தோல் அவனைக் கேட்டு மாறவில்லை, பெயரை அவனே கேட்டு வாங்கினான், தங்கை தன்னைத் தேடி இணையத்தில் தவிக்கிறாள் என்று தெரிந்த பிறகும் திரும்பிப் போகாமல் இருக்க அவனால் முடிகிறது, அந்த மனசு ஒரே ராத்திரியில் வந்ததில்லை.

அமெரிக்கரான ஜார்ஜ் ஸ்கைலர் 1931இலேயே 'பிளாக் நோ மோர்' எழுதிவிட்டார். அதில் கறுப்பர்களை வெள்ளையாக்க ஒரு சிகிச்சை வருகிறது, கூட்டம் அலைமோதுகிறது. கடைசியில் சிகிச்சை பெற்றவர்கள் பிறவி வெள்ளையர்களைவிட வெளுப்பாக இருப்பது தெரியவர, நாடே நிறத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கிக்கொள்ள ஓடுகிறது.

மொஹ்சின் ஹமீதின் 'தி லாஸ்ட் ஒயிட் மேன்' (2022) இதற்குத் தலைகீழ். ஆண்டர்ஸ் என்ற வெள்ளை இளைஞன் கறுத்துப்போகிறான், பிறகு ஊரே ஒவ்வொருவராக. மகனை அடையாளம் தெரியாத அப்பா மெல்ல மெல்ல அவனுக்கு அரணாக மாறும் பக்கங்களை நான் முழுசாக நம்பினேன். ஊர் இறுதியில் அமைதியாவதை மட்டும் நம்ப முடியவில்லை. எல்லோரும் ஒரே நிறமானாலும் மனிதர்கள் வேறொரு கோட்டைக் கிழித்துக்கொள்வார்கள், ஸ்கைலர் அதைத் தெளிவாகப் பார்த்திருந்தார்.