மூன்றாவது வாக்கு

பல சர்வர்களை ஒன்றுபோல் இயங்கச் செய்யும் கிளஸ்டரை அமைப்பதைப் பற்றிய பேச்சு எழுந்தால், ஒரு சர்வர் விழுந்ததும் மற்றொன்று எவ்வளவு விரைவாகப் பொறுப்பேற்கும் என்பதே முதலில் விவாதிக்கப்படுகிறது. இரண்டுமே விழாமல், ஒன்றையொன்று பார்க்க முடியாமல் மட்டும் போனால் என்ன நடக்கும் என்ற கேள்வியிலிருந்து நான் இப்போது தொடங்குகிறேன். இது பட்டபின் வந்த புத்திதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பராமரித்த ஓர் அமைப்பில், முதன்மை டேட்டாபேஸ் ஒரு சர்வரிலும் அதன் நகல் இன்னொரு சர்வரிலும் இருந்தன. இரண்டையும் இணைத்த நெட்வொர்க் ஸ்விட்ச் ஓர் இரவு செயலிழந்தபோது, முதன்மை இறந்துவிட்டதாக முடிவுசெய்த நகல் சர்வர் தன்னையே முதன்மையாக உயர்த்திக்கொண்டது. பழைய முதன்மையோ நலமாக இருந்து, தன் பக்கம் வந்த பதிவுகளையெல்லாம் ஏற்றுக்கொண்டே இருந்தது. இணைப்பு திரும்பியபோது ஒரே ஆர்டர் எண்ணில் இரண்டு வெவ்வேறு ஆர்டர்கள் இருந்தன. ஸ்பிளிட் பிரெய்ன் என்று இதற்குப் பெயர். அவற்றைக் கையால் ஒப்பிட்டுச் சரிசெய்ய மூன்று நாட்கள் ஆயின.

இரண்டு பேர் முரண்பட்டால் யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க மூன்றாமவர் வேண்டும். பாதிக்கு மேல் சேர்ந்த பக்கமே முடிவெடுக்கும். பல சர்வர்கள் ஒரே முடிவுக்கு வருவதற்கான வழிமுறைகளான லெஸ்லி லாம்போர்ட்டின் பேக்ஸோஸும், டியேகோ ஒங்காரோவும் ஜான் ஓஸ்டர்ஹவுட்டும் 2014இல் வெளியிட்ட ராஃப்ட்டும் இந்தப் பெரும்பான்மைக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. மூன்று நோடுகளில் (கிளஸ்டரிலுள்ள சர்வர்களில்) ஒன்றும், ஐந்தில் இரண்டும் விழுந்தாலும் கிளஸ்டர் இயங்கும். நான்கு வைத்தாலும் ஒன்றின் இழப்பைத்தான் தாங்கும் என்பதால், நான்காவதற்குச் செய்யும் செலவு இந்தக் கணக்கில் வீண். மூன்றாவது நோடு முழு டேட்டாபேஸையும் சுமக்க வேண்டியதில்லை. வாக்களிக்க மட்டும் ஒரு சிறிய மெஷின் போதும், ஆனால் அது மற்ற இரண்டில் ஒன்றோடு ஒரே ஸ்விட்சில் இருக்கக் கூடாது.

பெரும்பான்மை மட்டும் காப்பாற்றிவிடாது. 2018 அக்டோபரில், புரோகிராம் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 43 விநாடிகளுக்கு நெட்வொர்க் இணைப்பு அறுந்தபோது, மீதமிருந்த நோடுகள் முறைப்படி பெரும்பான்மை சேர்த்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த டேட்டாபேஸ்களை முதன்மையாக்கின. ஆனால் கிழக்குக் கரையில் சில விநாடிகளில் எழுதப்பட்டவை அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடங்கள் ஆயின. நகல் சர்வர் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்த பிறகே பயனருக்குப் பதில் சொல்வது இதைத் தவிர்க்கும். அதற்கு விலை உண்டு: ஒவ்வொரு பதிவும் தாமதமாகும், இருக்கும் ஒரே நகலும் நின்றுவிட்டால் முதன்மையும் எழுத முடியாமல் காத்திருக்கும். பணம், கணக்கு சார்ந்த தரவுக்கு அந்தக் காத்திருப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். பக்கப் பார்வை எண்ணிக்கைக்கு அவ்வளவு பிடிவாதம் வேண்டாம்.

தரவை வைத்துக்கொள்ளாத வலைச் சர்வர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எல்லாவற்றையும், வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் ஒரு லோடு பேலன்சரின் பின்னால் ஒரே நேரத்தில் இயங்கவிடலாம். ஆனால் இரண்டு சர்வர்கள் ஒவ்வொன்றும் 70 சதவீதச் சுமையில் ஓடினால், ஒன்று நின்றதும் மற்றதன்மீது 140 சதவீதம் வந்து விழும் என்பதைப் பலரும் கணக்கிடுவதில்லை. டேட்டாபேஸிலும் இதேபோல் எல்லா நோடுகளிலும் எழுதலாம் என்று ஆசைகாட்டும் தீர்வுகளிடம் எனக்குத் தயக்கமே மிகுதி. ஒரே பதிவை இருவர் ஒரே கணத்தில் மாற்றினால் எது நிற்க வேண்டும் என்று உங்களால் முன்கூட்டியே சொல்ல முடியாவிட்டால், அந்தப் பாதை வேண்டாம்.

இப்போது என் தேர்வு ஒரு முதன்மை, ஒரு நகல், வாக்குக்கு ஒரு சிறு மெஷின், அவற்றோடு ஃபென்சிங்: நகல் பொறுப்பேற்குமுன் பழைய முதன்மையின் மின்சாரத்தையே துண்டித்துவிடும் ஏற்பாடு. சோதிக்கும்போது சர்வரை அணைப்பதில்லை, இடையிலுள்ள நெட்வொர்க்கை மட்டும் அடைக்கிறேன். சென்ற முறை அப்படி அடைத்தபோதுதான், மின்சாரத்தைத் துண்டிக்க வைத்திருந்த கணக்கின் பாஸ்வேர்டு காலாவதியாகியிருந்தது தெரியவந்தது.