கூடை இல்லாமல் மலைக்குப் போவது

இயற்கைக்குள் போய் உட்கார்ந்தால் மனம் ஆறும் என்று யாராவது சொன்னால் எனக்குள் ஒரு முரண்டு எழும். எங்கள் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையில்தான் நின்றார்கள். மழையும் பனியும் அட்டைக்கடியும் அவர்களுக்கு அன்றாடம். அவர்களைவிட அதிகமாக வெட்டவெளியில் வாழ்ந்தவர்கள் யார்? ஆனால் மலை தன்னைத் தேற்றியதாக, அம்மாவின் தாயான அம்மாயி ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை. மாலையில், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது எடை குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அன்றைக்குப் பாதிக் கூலிதான் என்பதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அதனால் என் கேள்வி வேறாக இருந்தது. அதே குளிர், அதே சரிவு, ஆனால் பேர் போட ஆள் இல்லை, நிறுக்கத் தராசு இல்லை என்றால் அந்த மலை எங்களுக்கு என்னவாக இருக்கும்? வைகாசியிலிருந்து தைவரை அம்மாவும் நானும் செய்து பார்த்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தக் கணக்குக்குள் இருந்தவர்களைக் கேட்டு அந்தக் கணக்கு போடப்படவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், பத்து வயதுகூட நிரம்பாத அம்மா, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி, மறுபடியும் ஒரு லயம், மறுபடியும் கொழுந்து.

இது எனக்கு எப்படி வந்து சேர்ந்தது? எங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி உண்டு. குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், கசங்கிய ரசீதுகள் எல்லாம் அதற்குள். சீருடை அணிந்த எவரேனும் தெருவில் நடந்துபோனால் அம்மாவின் கண் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். இப்போது என் கண்ணும் போகிறது. இன்னொன்று, எங்கள் குடும்பத்தில் யாரும் மரம் நட்டதில்லை. அவரை, பீன்ஸ் என்று அந்தந்தப் பருவத்தோடு முடிகிற பயிர்தான். வேலை ஓய்ந்தால் லய வீட்டைக் காலிசெய்ய வேண்டும். காலிசெய்யப்போகிற இடத்தில் மரத்தை யார் நடுவார்கள்?

யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆராய்ந்த ரேச்சல் யெஹூடா, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின்மேல் இரு தலைமுறையிலும் வேதியியல் அடையாள மாற்றங்கள் இருப்பதாகச் சொன்னார். ஆய்வில் இருந்தவர்கள் மிகச் சிலர். அந்த மாற்றம் கருவிலேயே வந்ததா வளர்ப்பில் வந்ததா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை மரபணுவரை போகவேண்டிய தேவையே இல்லை. பெட்டியைப் பூட்டும் சத்தத்தைக் கேட்டே நான் பயத்தைக் கற்றுக்கொண்டேன்.

வைகாசி

ஜப்பானில் 1982இல் வனத்துறையே ‘வனக் குளியல்’ என்ற பழக்கத்தை மக்களிடம் எடுத்துச் சென்றது. காட்டுக்குள் மெதுவாக நடப்பது, நிற்பது, மூச்சுவிடுவது, அவ்வளவுதான். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தணிவதைப் பின்னாளில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நான் அதையும் சுருக்கிக்கொண்டேன். லாங்வுட் சோலை என்ற மலைக்காட்டில் அனுமதி உள்ள பாதையோரம் ஓர் இடம். காலையில் போய் உட்காருவது. போன் வேண்டாம், இத்தனை தூரம் நடக்க வேண்டும் என்ற இலக்கும் வேண்டாம்.

கோத்தகிரியை ஒட்டியுள்ள இந்தச் சோலை சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ளது. சுற்றியுள்ள பல ஊர்களுக்கு இதுதான் நீராதாரம். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறையும். கிளையெல்லாம் பாசி, கால் வைத்தால் அமுங்குகிற இலைமக்கு.

முதலில் தனியாகத்தான் போனேன். பிறகு அம்மாவை அழைத்தேன். காட்டில் என்ன வேலை என்று கேட்டார். வேலை ஒன்றுமில்லை என்றேன். வேலை இல்லாமல் மலைக்கு எதற்குப் போவது என்று அவர் கேட்டதில் கேலி இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். வந்த பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை. நடக்கும்போதே இரு பக்கச் செடிகளின் தளிரையும் விரல் தானாகக் கிள்ளியது. உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். நேரமாகிவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்.

ஒருநாள் ஓடைப்பக்கம் யாரோ சீட்டியடிக்கும் சத்தம். அம்மா விறைத்துப்போய் எழுந்து நின்றார். அது சீகாரப் பூங்குருவி. மனிதன் தன் போக்கில் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல ஏறி இறங்கி நீளும் குரல் அதற்கு. நீலம் மினுங்கும் அந்தக் கருங்குருவியைப் பாறைமேல் காட்டினேன். அடுத்த வாரம் அதே சத்தம் வந்தபோது அவர் எழவில்லை. “உன் ஆள் வந்துவிட்டான்” என்று மட்டும் சொன்னார்.

ஆனி

பாதையோரத்தில் தவிட்டுப்பழம் பழுத்திருந்தது. அம்மா ஒன்றைப் பறித்து வாயில் போட்டு, ஊதாவான நாக்கை நீட்டிக் காட்டினார். ஹட்டனிலும் இது உண்டு என்றார். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் மலைநாட்டுக்கும் செடிகொடிகளில் நெருங்கிய உறவு உண்டு. சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு நீலகிரியிலும் இருக்கிறது, ஹோர்ட்டன் சமவெளியிலும் இருக்கிறது. கப்பலேறிய பெண் அக்கரையில் விட்டுவந்ததாக நினைத்திருந்த பழம் அவளுக்கு முன்பே இக்கரையில் இருந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் புறப்பட்ட நாளைப் பற்றி முதன்முதலாக முழுமையாகப் பேசினார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகர்ந்ததும், ஏறியவர்களும் நின்றவர்களும் ஒரே குரலில் ஒப்பாரி வைத்தார்கள். ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை என்று ஆகியிருந்தது. நாய் கோச்சியோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தது. அம்மாயியை அதிகம் வதைத்தது வேறு. அவருடைய தாயைப் புதைத்த மேடு தேயிலைக்கு நடுவில் இருந்தது. இனி அங்கே விளக்கேற்ற யார் இருக்கிறார்கள் என்பதையே சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். பெட்டிக்குள் எல்லாக் காகிதமும் இருக்கிறது, அந்த மேட்டுக்கு மட்டும் காகிதம் இல்லை.

இதை வீட்டில் வைத்து நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுந்துபோய்விடுவார். இங்கே இரண்டு பேரும் ஒரே திசையில் மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். முகத்துக்கு முகம் இல்லாததால்தான் பேச முடிந்தது என்று நினைக்கிறேன். குடும்பத்தாரோடு இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எதிரெதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், கேள்வி கேட்காதீர்கள்.

ஆவணி

பார்ப்பதோடு நில்லாமல் நாற்றும் வளர்க்கத் தொடங்கினோம். காட்டுக்குள்ளிருந்து எதையும் எடுக்கவில்லை. சாலையோரம் உதிர்ந்த காட்டு நாவல் பழங்களைத்தான் பொறுக்கினோம். இந்த விதைகளை உலர்த்தி டப்பாவில் போட்டு வைக்க முடியாது. காய்ந்தால் உயிர் போய்விடும். சதையைக் கழுவி நீக்கி, ஈரம் போகும் முன்பே விதைக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய எரு கலந்து பைகளில் நிரப்பி, நிழல்வலைக்குக் கீழே வைத்தோம். முளைப்பு ஒரே சீராக இல்லை. சில பைகளில் சீக்கிரமே தலை காட்டியது, பலவற்றில் ஒன்றுமே இல்லை. காலிப் பைகளைக் கொட்டிவிடலாமா என்றேன். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார் அம்மா. அவர் சொன்னதுபோலவே அவற்றிலும் சில முளைத்தன.

இவை நிழல் தரும் மரமாக எத்தனை வருடம் ஆகும் என்று ஒருநாள் கேட்டார். சோலை மரங்கள் மெதுவாகத்தான் வளரும், பல பத்தாண்டுகள் ஆகும் என்றேன். பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, “அதுவரை நம்மை இங்கே இருக்க விடுவார்களா?” என்றார்.

வீடு இருக்கும் மூன்று சென்ட் நிலம் அவர் பெயரில் பத்திரமாகியிருக்கிறது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி வந்தது. எங்கள் குடும்பத்தின் காயம் எதுவென்று யாராவது கேட்டால் அந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

ஐப்பசி

கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. நாற்றுகளில் தேறியவற்றை வீட்டுப் பின்பக்க எல்லையில் நட்டோம். அம்மாவோடு வேலை செய்து ஓய்வுபெற்ற பெண்கள் சிலரும் வந்தார்கள், அவர்களும் இலங்கையிலிருந்து வந்த ‘தாயகம் திரும்பியோர்’தான். அந்தப் பெயரே எனக்கு உறுத்தும். அங்கே பிறந்த பிள்ளைக்கு இது எப்படித் திரும்புதல் ஆகும்?

நட்டு முடித்து எல்லோரும் சோலைக்குப் போனபோது ஒரு அக்கா, அவர் முதலில் குடியேறிய தோட்டத்துக்காகக் காடு வெட்டியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அது எனக்கு நெடுநாள் உறக்கம் தரவில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வாழ்வு தருவதற்காக 1968இல் தமிழக வனத்துறை தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் பிறகு டேன்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. வெள்ளையர் காலத்திலிருந்தே சோலையும் புல்வெளியும் தேயிலைக்கும், யூகலிப்டஸ் என்ற கற்பூர மரத்துக்கும், வாட்டில் என்ற சீகை மரத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. எங்கள் வாழ்வும் அந்த வரிசையில்தான் ஊன்றப்பட்டது. தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் எங்களுக்கு முன்பே இந்த மலையை இழக்கத் தொடங்கியிருந்தவர்கள். துரத்தப்பட்டவர்களைக் குடியமர்த்த இன்னொரு காயம் ஏற்பட்டிருக்கிறது. நாங்கள் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஆனாலும் எங்கள் துயரத்தை மட்டும் சுமந்துகொண்டு இந்தச் சோலைக்குள் உட்கார்வது இனி எனக்கு முடியாது. சோலை மரத்தையே நடவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தை

இதுவரை மாறியது: அம்மா இப்போது காட்டில் வெகுநேரம் உட்கார்கிறார். தளிர் கிள்ளும் பழக்கம் குறைந்திருக்கிறது. அம்மாயியைப் பற்றிப் பேசுகிறார், பேசிவிட்டு இரவில் நன்றாகத் தூங்குகிறார். கார்த்திகைத் தீபத்தன்று ஒரு அகல் விளக்கை நாவல் கன்றுக்குப் பக்கத்தில் வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மாறாதது: பெட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஆள் வந்த அன்று அம்மாவுக்குக் கை நடுங்கியது. காட்டில் உட்கார்வதால் எல்லாம் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கம் அடியோடு கெட்டவர்கள், வாழ்வே வேண்டாம் என்று எண்ணுபவர்கள் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சமூகத்துக்கு நேர்ந்த அநீதிக்குச் சோலை ஈடாகாது. ஓய்வுபெற்றவருக்கு வீடும், வேலை செய்பவருக்கு உரிய கூலியும், நிலத்துக்குப் பட்டாவும் கிடைப்பதும் ஆறுதலின் பகுதிதான்; அதை அரசுதான் செய்ய வேண்டும்.

அடுத்தது: கூடலூரிலிருக்கும் சின்னம்மா பொங்கலுக்கு வந்தபோது நாற்றுப் பைகளைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்றார். அங்கே தென்மேற்குப் பருவமழை அதிகம் என்பதால் ஆனிக்கு முன் கன்றுகள் தயாராக இருக்க வேண்டும். நிழலுக்குப் பழகியவற்றைப் பங்குனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கப்போகிறோம். எந்தெந்தப் பை சின்னம்மாவுக்கு என்று அம்மா இப்போதே ஒதுக்கி வைத்துவிட்டார்.