பாட்டியின் பூந்தோட்டமும் எட்டு வெள்ளைத் துண்டுகளும்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில், முதியவர்கள் காலமான பிறகு அவர்களுடைய வீட்டுப் பொருள்களை அந்த வீட்டிலேயே விலைச்சீட்டு ஒட்டி விற்பது வழக்கம். எஸ்டேட் சேல் என்பார்கள். சென்ற ஆண்டு அப்படி ஒரு விற்பனையில், மாடியறை அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய கில்ட் ஒன்று எனக்குக் கிடைத்தது. துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி செய்து, நடுவில் பஞ்சையும் அடியில் இன்னொரு துணியையும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வையைத்தான் இங்கே கில்ட் என்கிறார்கள். இது முழுவதும் அறுகோணத் துண்டுகளால் ஆனது. 80 அங்குல அகலம், 87 அங்குல நீளம், 94 பூக்கள். ஓரப்பட்டி நைந்து, சில பூக்களில் துணி வலைபோல் ஆகியிருந்ததால் கட்டிலில் விரிக்க முடியாது, ஆகவே அதேபோல் ஒன்றைச் சிறிய அளவில் நானே தைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதே பெட்டியில் ஒரு பிஸ்கட் டப்பாவும், அதற்குள் போர்வையில் சேராமல் போன ஐந்து பூக்களும் இருந்தன. விற்பவர் டப்பாவுக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. இன்றைக்கு யோசித்தால், போர்வையைவிட அந்த டப்பாதான் எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது.

பெயரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் ஒரு மஞ்சள் அறுகோணம், அதைச் சுற்றி ஒரே நிறத்தில் ஆறு, அவற்றைச் சுற்றிப் பூப்போட்ட துணியில் பன்னிரண்டு, ஆக 19 துண்டுகளில் ஒரு பூ. பூவுக்கும் பூவுக்கும் நடுவே வெள்ளைத் துண்டுகளால் ஒற்றை வரிசைப் பாதை. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் அமெரிக்கப் பெண்கள் சலிக்காமல் தைத்த இந்த அமைப்புக்குப் ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்று பெயர். கான்சஸ் சிட்டி ஸ்டார் போன்ற செய்தித்தாள்கள் கில்ட் வடிவங்களை வாராவாரம் அச்சிட்டு வந்த காலம் அது.

ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வயதைச் சொல்லிவிட முடியாது. பூவுக்குப் பெயர் புதிது, அறுகோணத்துக்கு வயது அதிகம். பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்ற பெண்கள் இதழ் 1835ஆம் ஆண்டிலேயே அறுகோண ஒட்டுத்தையலைப் படத்துடன் விளக்கியிருக்கிறது. அந்நாளில் அதைத் தேன்கூடு என்றும் மொசைக் என்றும் அழைத்தார்கள். இங்கிலாந்தில் அதற்கும் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, இந்த வேலை நடந்திருக்கிறது. அக்காலத்து ஆங்கிலேய ஒட்டுத்தையல்களில் சின்ட்ஸ் என்ற துணிக்குத் தனி மதிப்பு உண்டு. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணியையும் அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். என் போர்வையில் அது இல்லை, ஆனாலும் இந்தக் கைவேலையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியவுடன் எதிரே வந்து நின்ற சொல் நம் வீட்டுச் சொல்லாக இருந்தது எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

வயதுக்கான சான்று துணியில் இருந்தது. வெளிர் பச்சை, வெளிர் ஊதா, இளஞ்சிவப்பு என்று கலந்திருந்த நிறங்கள் 1930களைக் காட்டின. டப்பாவிலிருந்த ஒரு பூவின் நீலப் பூப்போட்ட துண்டில், வரிசையாகச் சற்றுப் பெரிய ஊசித் துளைகள் இருந்தன, அவற்றில் நூல் இல்லை. மாவும் சர்க்கரையும் கோழித்தீவனமும் அக்காலத்தில் பருத்திச் சாக்குகளில் விற்கப்பட்டன. சாக்கைச் சங்கிலித் தையலால் மூடுவார்கள், சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் நூல் முழுவதும் ஒரே இழுப்பில் வந்துவிடும், துளைகள் மட்டும் நிற்கும். பெண்கள் அந்தத் துணியைத் துவைத்து உடையாகவும் போர்வையாகவும் தைத்துக்கொள்வதைக் கண்ட ஆலைகள், 1920களின் நடுப்பகுதியிலிருந்து சாக்குகளையே பூப்போட்ட துணியில் செய்து விற்றன. அதே மாதிரிப் பூக்கள் கடையில் கஜக் கணக்கிலும் கிடைத்தன. எனவே பூவைப் பார்த்துச் சாக்குத் துணி என்று சொல்வது ஊகம்தான், துளைதான் சான்று. புற ஊதா டார்ச்சையும் அடித்துப் பார்த்தேன். சலவைத்தூளில் சேர்க்கும் வெண்மையூட்டிகள் அந்த ஒளியில் நீலமாக ஒளிரும், அவை பரவலானது 1940களுக்குப் பிறகே. போர்வை இங்குமங்கும் ஒளிர்ந்தது, டப்பாப் பூக்கள் ஒளிரவே இல்லை. பிற்காலத்துச் சலவைத்தூள் பட்ட போர்வை, சலவையே காணாத பூக்கள் என்று இரண்டையும் பிரித்துக் கொண்டேன். இந்த வேறுபாடு பின்னால் அளவெடுக்கும்போது கைகொடுத்தது.

அளவில்தான் நான் முதலில் சறுக்கினேன். ஒரு துண்டின் எதிரெதிர் முனைகளுக்கு இடையே அளந்தேன், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் வந்தது. உடனே, துணியை மேலே மடித்துத் தைப்பதற்கான ‘இரண்டு அங்குல’ அறுகோணக் காகிதங்கள் ஒரு கட்டு வரவழைத்தேன். பொட்டலத்தைப் பிரித்தால் ஒவ்வொரு காகிதமும் உள்ளங்கையை நிறைத்தது. இந்தத் தொழிலில் அறுகோணத்தின் அளவு என்றால் ஒரு பக்கத்தின் நீளம். நான் அளந்ததோ முனைக்கு முனை, அது பக்கத்தைப்போல் இரண்டு மடங்கு. தட்டையான பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை அளந்தால் பக்கத்தின் 1.732 மடங்கு வரும். இந்த மூன்றில் எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் ‘ஒன்றேமுக்கால் அங்குல அறுகோணம்’ என்று எழுதிவைத்திருக்கும் பழைய குறிப்புகளை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஒற்றைத் துண்டை அளப்பதை விட்டுவிட்டு, போர்வையில் பக்கத்தோடு பக்கம் ஒட்டி நேர்வரிசையாகச் செல்லும் பத்துத் துண்டுகளைச் சேர்த்து அளந்தேன். 16¾ அங்குலம். ஒரு பக்கம் ஓர் அங்குலமாக இருந்தால் 17.32 அங்குலம் வந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 3 சதவீதம் குறைவு. டப்பாப் பூ ஒன்றில் நடுவழியே செல்லும் ஐந்து துண்டுகளை அளந்தபோது 8⅝ அங்குலம் கிடைத்தது, அதாவது பத்துக்கு 17¼. ஆக, தைத்தவர் எடுத்துக்கொண்ட அளவு ஓர் அங்குலப் பக்கமே. உள்ளிருக்கும் பருத்திப் பஞ்சும், மூன்று அடுக்குகளையும் இழுத்துப் பிடித்த தையலும், பல ஆண்டுச் சலவையும் சேர்ந்து மீதியைச் சுருக்கிவிட்டன.

சரியான காகிதங்கள் வந்ததும் ஆங்கிலேய முறைப்படி தைக்கத் தொடங்கினேன். துணியைக் காகிதத்தின் மேல் மடித்துத் தற்காலிகமாக நூலோட்டி, இரண்டு துண்டுகளின் மடிந்த ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, சுற்றிச் சுற்றி நெருக்கமாகத் தைத்து, எல்லாப் பக்கமும் தைத்து முடிந்தபின் காகிதத்தை உருவிவிடும் முறை அது. அறுகோணம் என்றாலே இந்த முறைதான் என்பது பொதுவான எண்ணம், எனக்கும் அதில் ஐயமே எழவில்லை. மூன்று பூக்கள் முடித்துப் பழையதன் பக்கத்தில் வைத்தபோது ஏதோ ஒட்டவில்லை. என் பூக்களின் இணைப்புகளில் தையல் சிறுசிறு புள்ளிகளாக மேலே எட்டிப் பார்த்தது, பழையதில் ஒரு புள்ளி கிடையாது.

டப்பாப் பூவைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். பின்புறத்தில் ஒவ்வொரு துண்டின் மேலும் பென்சில் கோடு. கோட்டின் மேலேயே நேரோட்டத் தையல், அங்குலத்துக்கு ஒன்பது பத்து என்ற கணக்கில். தையலுக்கு விட்ட கால் அங்குலத் துணி இருபுறமும் பிரியாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. காகிதத்தின் மேல் மடித்த தடமோ தற்காலிக நூலோட்டத்தின் துளைகளோ எங்கும் இல்லை. அட்டையை வைத்துக் கோடு வரைந்து, கத்தரித்து, கோட்டோடு கோடு பொருத்தித் தைத்திருக்கிறார், காகிதமே நுழையவில்லை. இந்த முறையில் வேகம் உண்டு, ஆனால் மூன்று துண்டுகள் கூடும் முனையில் கவனம் பிசகக் கூடாது. தையலைத் துணியின் விளிம்பு வரை ஓட்டாமல் பென்சில் கோடு முடியும் இடத்திலேயே நிறுத்தி, ஒரு தையல் பின்னால் எடுத்து இறுக்கி, துணியைத் திருப்பி அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். ஒரு நூலளவு தாண்டினாலும் மேலே சுருக்கம் விழும். பத்து நாள் பழகிய பிறகுதான் என் முனைகள் படிந்தன.

டப்பாவிலிருந்த ஐந்து பூக்களுக்கும் ஒரு பொது அம்சம் இருந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துண்டுகள் ஒரு பாதியில் மட்டும் தைக்கப்பட்டிருந்தன, மறுபாதி வெறுமையாக இருந்தது. தைத்துக் கொண்டிருக்கும்போதே கைவிட்ட வேலை என்று எண்ணி, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானோ 23 பூக்கள் கொண்ட சிறிய போர்வை ஒன்றைத் திட்டமிட்டு, ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு, ஐந்து என்று வரிசை வகுத்து, பூ ஒன்றுக்குச் சுற்றிலும் 18 வெள்ளை வேண்டும், ஆகவே மொத்தம் 414 என்று கணக்குப் போட்டு, வெள்ளைத் துணியில் கத்தரிக்கவும் தொடங்கிவிட்டேன்.

இரண்டாவது பூவை முதல் பூவோடு சேர்க்க முயன்றபோதுதான் விழித்தேன். இரண்டு பூவுக்கும் முழு வெள்ளை வளையம் இருந்தால் நடுவே பாதை இரட்டை வரிசையாகிவிடும். பழைய போர்வையில் பாதை ஒற்றை வரிசை. அப்படியானால் பாதை பக்கத்துப் பூவுக்கும் சொந்தம். 18 வெள்ளைத் துண்டுகளில் மூலையில் நிற்கும் ஆறும் மூன்று பூக்களுக்குப் பொது, பக்கங்களில் நிற்கும் பன்னிரண்டும் இரண்டு பூக்களுக்குப் பொது. ஆறில் மூன்றிலொரு பங்கு இரண்டு, பன்னிரண்டில் பாதி ஆறு. கூட்டினால் எட்டு. டப்பாவைத் திறந்து பூக்களில் வெள்ளையை எண்ணினேன். எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு. மூன்று பக்கங்களையும் அவற்றின் நடுவேயுள்ள இரண்டு மூலைகளையும் தொடர்ச்சியாகத் தழுவிய எட்டுத் துண்டுகள், ஐந்திலும் ஒரே ஒழுங்கில்.

அவை கைவிட்ட பூக்களே அல்ல, முழுமையானவை. 19 வண்ணத் துண்டும் 8 வெள்ளையும் சேர்ந்த 27 துண்டுகள்தான் அவருடைய ஓர் அலகு. அப்படி ஒன்றைச் செய்து டப்பாவில் போட்டுக்கொண்டே போய், போதுமான எண்ணிக்கை சேர்ந்ததும் ஒன்றின் வெறும் பாதியை இன்னொன்றின் வெள்ளைப் பாதியில் பொருத்தி வரிசையாக்கியிருக்கிறார். போர்வையின் வெளிவிளிம்பில் மட்டும் மீதி வெள்ளையைத் தனியாகச் சேர்த்தால் போதும். இந்தக் கணக்கில் என் 23 பூக்களுக்கு வேண்டிய வெள்ளை 242தான். அநாவசியமாக வெட்டிய துண்டுகள் ஒரு பையில் கிடக்கின்றன. முன்பக்கத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாலும் இந்த வேலையொழுங்கு தெரிந்திருக்காது, ஏனென்றால் தைத்து முடித்தபின் எந்த வெள்ளை எந்தப் பூவோடு பிறந்தது என்ற அடையாளமே இருப்பதில்லை.

மொத்தம் 679 துண்டுகள் என்று வீட்டில் அலுத்துக்கொண்டேன். இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகரில், மணற்குவாரியில் வெடிவைக்கும் வேலை பார்த்த ஆல்பர்ட் ஸ்மால் என்பவர், 1,23,200 அறுகோணங்களில் ஒரே கில்ட் தைத்து முடித்திருக்கிறார் என்று படித்தபின் அலுத்துக்கொள்வதை நிறுத்திக்கொண்டேன்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1930களின் பூ வடிவங்களை இன்றும் மறுபதிப்பாக அச்சிட்டு விற்கிறார்கள், ஆகவே அது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. மறுபதிப்புகளில் வெள்ளைத் தளம் பளிச்சென்று இருப்பதால், பாதைக்குச் சலவை செய்யாத பழுப்பு வெள்ளைப் பருத்தியை எடுத்தேன். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய சின்னாளப்பட்டிச் சுங்குடியில் ஒரு பூ வைக்கலாமா என்று இரண்டு நாள் மனம் ஊசலாடியது. வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பழையதை அப்படியே திரும்பச் செய்ய உட்கார்ந்துவிட்டு என் விருப்பத்தை நுழைத்தால் எதை ஒப்பிட்டுப் பார்ப்பது? சுங்குடி இன்னொரு போர்வைக்குக் காத்திருக்கிறது. பழையதில் ஓரிரு அறுகோணங்கள் இரண்டு துணுக்குகளை ஒட்டிச் செய்தவை, அவர் கையில் துணி தீர்ந்துபோன இடங்கள். அவற்றையும் அதே இடத்தில் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன், இது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே.

மேல்துணி சென்ற வாரம் முடிந்தது. 47 அங்குலத்துக்கு 43 அங்குலம். இனி ஒவ்வொரு அறுகோணத்துக்குள்ளும் இணைப்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, பழையதில் உள்ளபடியே, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க வேண்டும். உள்ளே வைப்பதற்குக் கலப்பில்லாத பருத்திப் பஞ்சாக, முன்கூட்டியே சுருக்காததாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். துணிகளையும் நனைக்காமலே வெட்டினேன். இங்குள்ள தோழிகள் இதைத் தவறு என்கிறார்கள். என் வரிசையில் பத்துத் துண்டு இப்போது 17¼ அங்குலம் இருக்கிறது, டப்பாப் பூக்களின் அளவு. துவைத்து உலர்த்தியபின் 16¾க்கு அருகில் வருகிறதா என்று அதே அளவுநாடாவால் அளந்து பார்க்க வேண்டும்.