கடைவீதிக் கிட்டங்கி: வேலைக் குறிப்புகள்

ஜூன் 29

பூட்டிக் கிடக்கும் இந்தப் பழைய கிட்டங்கியை (சரக்குக் கிடங்கை) ஊர்ப் பொதுவுக்குச் சீராக்க, ஒருவழியாகக் குத்தகைப் பத்திரம் பதிவாகிவிட்டது. காரைக்குடிப் பக்கம் பழைய கட்டிடம் என்றாலே பங்காளிகளைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. இந்தக் கிட்டங்கிக்குச் சென்னையில் பாதிப் பேர், மலேசியாவில் மீதிப் பேர். 11 மாத ஒப்பந்தத்தை நம்பி யாரும் கூரைக்குப் பணம் போடமாட்டார்கள் என்பதால் நீண்டகாலக் குத்தகைதான் வேண்டுமென்று நின்றோம். வெளிநாட்டில் கையெழுத்தான பவர் (அதிகாரப் பத்திரம்) இங்கே வந்தால் 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். அந்த அலைச்சலைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஜூலை 11

பெரிய கொத்தனார் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். எப்போதோ யாரோ "ரிப்பேர்" என்று பூசிய சிமெண்ட் பட்டை பட்டையாக வந்தது. பின்னால் செங்கல் மாவாகக் கிடந்தது. "ஈரம் வெளிய போக வழியில்லாம அடைச்சிட்டாங்க தம்பி" என்றார். பூட்டிக் கிடந்த காலம் செய்ததைவிட அந்தச் சிமெண்ட் செய்த கெடுதல் அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் சீரமைப்புக் கமிட்டியில் இருவர் இன்னமும் "சிமெண்ட்னா சீக்கிரம் முடியும்" என்கிறார்கள்.

ஜூலை 27

குழியில் சுண்ணாம்பு ஊறுகிறது. அதில் சேர்க்கக் கடுக்காய் நாட்டுமருந்துக் கடையிலிருந்தும் வெல்லம் மண்டியிலிருந்தும் இனாம். ரசீது கேட்ட பொருளாளரைத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 30

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாகக் கோணவாக்கில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டியிருக்கிறது. இன்று அதை அடிக்கும் வேலை. பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிக்கிறார்கள். கட்டை பதியாமல் துள்ள வேண்டும், அதுவரை விடக்கூடாது. ஒரு பையன் போனில் சினிமாப் பாட்டு போட்டான். அடி தாளம் தப்பியது. ஒரு ஆச்சி போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் சீராக நடந்தது.

ஐப்பசிக்குள் இதன்மேல் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்தாக வேண்டும். 2014-இல் புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டிடமான மேரி (Mairie) ஒரு மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது எல்லோர் மனதிலும் இருக்கிறது.

அக்டோபர் 5

தரைக்கு ஆத்தங்குடி கல் (பூவேலை போட்ட தரை ஓடு). கண்ணாடித் தட்டின்மேல் சட்டம் வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு எடுக்கிறார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறவைப்பதுதான். பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. உடைந்த இடங்களுக்குப் பழைய பூவேலையையே செய்து வாங்கலாம் என்று ஒரு கட்சி. எனக்கு அந்த இடங்களில் வெறும் சிவப்புக் கல் போதும். எது பழசு, எது நாம் போட்டது என்று தெரியட்டும். (சுண்ணாம்புக்காகச் சண்டை போட்ட நானே இங்கே சிமெண்ட் கல்லுக்கு வாதாடுகிறேன் என்று கிண்டல் வேறு.) சிவப்பே ஜெயித்தது.

நவம்பர் 9

ராத்திரி முழுக்க மழை. மழைக்குழாய் சுவரில் நுழையும் இடத்தில் மட்டும் கசிவு. கூரைத் தளம் காய்ந்திருக்கிறது.

கீழே காலையில் மகளிர் குழு, மாடியில் மாலை 5 முதல் டியூஷன், ஞாயிறு கேரம். சாவி யாரிடம் என்பதுதான் பாக்கி. எதிர் டீக்கடையில் கொடுத்துவைக்கலாம் என்கிறார்கள். டீக்கடை அண்ணன் பதிலுக்கு மாடிப்படிக்கு அடியில் கேஸ் சிலிண்டர் வைக்க இடம் கேட்கிறார். அது மட்டும் முடியாது.